நடுங்கும் கையும் மின்துடிப்பும்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் பெற்றோரைக் காண்கிறோம். நாள்தோறும் உடனிருப்பவர் கண்ணுக்குப் புலப்படாத மாற்றங்கள், இடைவிட்டுக் காண்பவர் கண்ணுக்குச் சட்டென்று புலப்படுகின்றன. தந்தையின் கையெழுத்து சிறுத்து நெருங்கிவிட்டது. நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டியே நிற்கிறது. மடிமேல் சும்மா கிடக்கும் விரல்கள் மாத்திரை உருட்டுவன போல ஓயாது அசைகின்றன. வீட்டாரைக் கேட்டால், "வயதாகிவிட்டது அல்லவா?" என்று அமைதி கூறுகின்றனர். ஆனால் முதுமை வேறு, இந்நோய் வேறு. இந்நோயை மனிதர் எவ்வாறு அறிந்தனர், மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைச் செலுத்தி மின்துடிப்பால் அதனை அடக்கும் வழியை எவ்வாறு கண்டனர் என்னும் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கி. பி. 1817ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்து வந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார், இந்நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் எடுத்துக் காட்டியவர்கள் ஆறே பேர். அவர்களுள்ளும் சிலரை அவர் தெருவிலேதான் கண்டார். ஆய்வுக் கருவி ஏதுமின்றி, குனிந்த உடலையும், குறுகிய அடிகளையும், ஓய்ந்திருக்கும் கையில் எழும் நடுக்கத்தையும் கண்ணால் கண்டு எழுதிய அச்சித்திரம் இன்றளவும் பெரிதும் பொருந்துகிறது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார்.

நம் நாட்டு வைத்திய மரபில் கம்பவாதம் என்றும், நடுக்குவாதம் என்றும் வழங்கும் பெயர்கள் உண்டு. நடுக்கம் கண்ணுக்கு முதலில் தெரிவது. ஆகவே பெயரும் அதிலிருந்தே பிறந்தது. ஆயினும் நோயாளியைப் பெரிதும் வருத்துவன நடுக்கத்தினும் இரண்டு குறைகளே. ஒன்று, உடல் விறைத்துப் போதல். மற்றொன்று, எண்ணிய செயலைத் தொடங்க இயலாமை. எழுந்திருக்க வேண்டும் என்று மனம் ஆணையிடுகிறது, கால் கேட்பதில்லை. அறிவு தெளிவாக இருக்க, உடல் சிறைப்பட்டுக் கிடக்கும் நிலை அது. பெயரை மட்டும் கொண்டு நோயை அளந்தால் இத்துயரம் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நோயின் இருப்பிடம் மூளைக்குள் எங்கே என்பது நெடுங்காலம் தெரியவில்லை. 1919ஆம் ஆண்டில் பாரிஸில் திரெத்தியாக்கோஃப் என்னும் ஆராய்ச்சியாளர், மூளையின் நடுப்பகுதியில் கருநிறமாக உள்ள ஒரு சிறு பகுதியின் அணுக்கள் இந்நோயாளிகளிடம் அழிந்து போயிருப்பதைக் கண்டார். ஆனால் அங்குள்ள அணுக்கள் யாது வேலை செய்தன என்று கூறுவார் இல்லை.

இதற்கிடையில் மற்றொரு பாதையும் திறந்தது. 1870ஆம் ஆண்டில் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்ஸிக் என்னும் இருவர், நாயின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சியபோது அதன் கால்கள் அசைவதைக் கண்டனர். மூளை மின்சாரத்துக்கு மறுமொழி கூறும் என்பது அன்று தெளிவாயிற்று. ஆனால் மூளையின் மேற்பரப்பைத் தொடுவது வேறு. அதன் ஆழத்தில் பயற்றம் பருப்பை ஒத்த ஓர் இடத்தைப் பாதை தவறாமல் அடைவது வேறு. இலண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் 1908ஆம் ஆண்டில் விலங்குகளின் தலையை ஒரு சட்டத்தில் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அளவுகளால் மூளையின் எந்த இடத்தையும் குறிக்கும் கருவியை வெளியிட்டனர். அதே முறையை 1947ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரின் ஸ்பீகலும் வைசிஸும் மனிதர்க்குப் பயன்படுத்தினர்.

அக்காலத்து அறுவை மருத்துவர்களின் எண்ணம் ஒன்றே: கேடு விளைக்கும் பகுதியைக் கண்டு அதை அழித்துவிடுவது. எந்தப் பகுதி என்பதில்தான் தடுமாற்றம். 1952ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டாக்டர் இர்விங் கூப்பர், பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு மூளையின் நரம்புப் பாதை ஒன்றை வெட்டும் சிகிச்சையைத் தொடங்கினார். நடுவே சிறு இரத்தக் குழாய் ஒன்று கிழிந்துவிட்டது. உயிரைக் காக்க அக்குழாயைக் கட்டி, எண்ணிய வெட்டைச் செய்யாமலே சிகிச்சையை முடித்தார். நோயாளி விழித்தபோது நடுக்கமும் விறைப்பும் குறைந்திருந்தன. கைகால்களின் வலிமையோ குன்றவில்லை. அக்குழாயை வேண்டுமென்றே கட்டும் முறை அதன்பின் தோன்றியது. அதில் உயிரிழந்தோரும் உண்டு. பிறகு மூளையின் ஆழ்பகுதிகளை மதுசாரத்தாலும், சூட்டாலும், கடுங்குளிராலும் அழிக்கும் முறைகள் வந்தன. ஒரு விபத்திலிருந்து ஒரு சிகிச்சை பிறந்தது என்று வியக்கும் நாம், அதற்கு விலையாகத் தம்மைத் தந்த நோயாளிகளையும் மறத்தல் ஆகாது.

அழிக்கும் சிகிச்சையில் பெரும் இடர் ஒன்று உண்டு. அழித்ததை மீட்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பேச்சுப் போகலாம், பார்வை குன்றலாம். மூளையின் இரு பக்கத்திலும் செய்தால் நாக்குழறலும் விழுங்குவதில் இடையூறும் நேர்ந்தன. ஆகவே மருத்துவர்கள் ஒரு முன்னெச்சரிக்கையைக் கையாண்டனர். அழிக்கும் முன், அந்த இடத்தில் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். நோயாளி விழித்திருப்பார், அவருடைய கையையும் பேச்சையும் கவனித்து, இடம் சரிதானா என்று உறுதி செய்துகொள்வார்கள். மின்சாரம் அங்கே வழிகாட்டியாக மட்டுமே நின்றது. அவ்வழிகாட்டியே மருந்தாகலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

அதற்கு முன் மருந்தின் கதை ஒன்று உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்துக்கும் நம் முன்னோர் பயன்படுத்திய சர்ப்பகந்தா என்னும் செடியை 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் ஆராய்ந்து எழுதினர். 1949ஆம் ஆண்டில் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல், இரத்தக் கொதிப்புக்கு அது பயன்படுவதை உலகறியச் செய்தார். அதன் வேரிலிருந்து 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்ஸன் அந்த ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்தபோது, அவை பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் எழுந்து ஓடின. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சி, மூளையில் டோபமின் என்னும் இரசாயனத் தூதுவன் உண்டு என்பதற்கு வழி காட்டியது. கார்ல்ஸன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

1960ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எஹ்ரிங்கரும் ஹோர்னிக்கீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். திரெத்தியாக்கோஃப் கண்ட கருநிற அணுக்களின் வேலை, அந்த டோபமினை ஆக்கி அனுப்புவதே. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் கோட்ஸியாஸ் டோபாவைப் பேரளவில் வாய்வழியே கொடுத்துப் பெரும் பயன் கண்டார். இந்த டோபா, நம் கிராமத்து வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே உள்ளது. அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டிலேயே வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக் கழகத்தின் உயிர் இரசாயன ஆய்வகத்தில் பணியாற்றிய தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

மருந்து வந்ததும் மூளையை அழிக்கும் அறுவைச் சிகிச்சைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. எழ முடியாதவர் எழுந்தனர். நடக்க முடியாதவர் நடந்தனர். ஆனால் ஆண்டுகள் சில சென்றபின் மருந்தின் போக்கு மாறியது. ஒரு வேளை மருந்துக்கும் மறு வேளை மருந்துக்கும் இடையே உடல் மீண்டும் உறைந்தது. மருந்து உச்சத்தில் இருக்கும்போதோ கைகால்கள் தம் விருப்பமின்றி நெளிந்து ஆடின. உறைதலும் ஆடுதலுமாக ஒரே நாளில் பல முறை மாறி மாறி வருந்தியவர்க்கு வேறு வழி தேவைப்பட்டது.

அவ்வழியைத் தேடியவர்களுள் சென்னை மருத்துவர்களும் இருந்தனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. 1950ஆம் ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அவருடன் டாக்டர் பாலசுப்பிரமணியம், டாக்டர் கலியாணராமன் முதலியோர் சேர்ந்து மூளையின் ஆழ்பகுதிச் சிகிச்சைகளைச் செய்து வந்தனர். அக்குழுவில் பயின்று பணியாற்றியவர் டாக்டர் தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா அம்மையார். ஆசியாவின் முதற்பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று போற்றப்பெறும் இவ்வம்மையார், மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பதித்து வைக்கும் சிகிச்சையை 1975ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் செய்தவர். சோவியத் நாட்டில் லெனின்கிராடிலும் நத்தாலியா பெக்தெரெவா என்னும் அம்மையார் 1960களிலேயே மூளையின் ஆழத்தில் மின்முனைகளை வைத்து இயக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை செய்து வந்தார். ஆனால் இம்முயற்சிகள் அன்று உலகெங்கும் பரவவில்லை.

பரவலுக்கு வித்திட்ட நிகழ்ச்சி 1987ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கிரெனோபில் நகரில் நேர்ந்தது. பேராசிரியர் அலிம் லூயி பெனாபித் அறுவை மருத்துவர், பௌதிகமும் கற்றவர். அவரும் நரம்பியல் மருத்துவர் பியேர் போலாக்கும், நடுக்கம் மிகுந்த நோயாளிகளுக்குத் தாலமஸ் என்னும் மூளைப் பகுதியில் சிறு இடத்தைச் சுட்டழிக்கும் சிகிச்சை செய்துவந்தனர். வழக்கம்போல் இடத்தைச் சோதிக்க மின்சாரம் செலுத்தப்பட்டது. துடிப்புகள் குறைவாக இருந்தபோது நடுக்கம் நிற்கவில்லை. நொடிக்கு நூறு என்னும் அளவை நெருங்கியதும் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. மீண்டும் செலுத்த, மீண்டும் நின்றது. அழிக்காமலே அழித்ததன் பயன் கிட்டியது! இதயத்துக்கு மின்துடிப்பு தரும் கருவியை உடலுக்குள் பொருத்தும் கலை 1958ஆம் ஆண்டு முதற்கொண்டே வளர்ந்து வந்தது. அதனை ஒத்த கருவியை மூளைக்கும் இணைக்கலாம் அல்லவா? முன்னரே ஒரு பக்கம் சுட்டழிக்கப்பட்டு, மறு பக்கத்தையும் அழிக்க அஞ்சிய நோயாளிகளுக்கே இம்முறை முதலில் பயன்பட்டது.

நடுக்கம் நின்றது, விறைப்பும் தாமதமும் நின்றனவா? தாலமஸில் செலுத்திய துடிப்பு அவற்றுக்குப் பெரிதும் உதவவில்லை. அதற்குரிய விடை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், துயரம் தோய்ந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து வந்தது. 1982ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் திடீரென உறைந்து போன நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டனர். கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட போதைப் பொருளில் கலந்திருந்த ஒரு நஞ்சு, அவர்களுடைய கருநிற அணுக்களை அழித்துவிட்டது என்பதை டாக்டர் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். அந்நஞ்சால் குரங்குகளிடமும் அதே நோயை உண்டாக்க முடிந்தது. நோயின் உட்போக்கை அணு அணுவாக ஆராயும் வாய்ப்பு அப்பொழுதுதான் கிட்டியது.

பால்டிமோரில் பேராசிரியர் மாலன் டிலாங்கின் ஆய்வுக் குழுவினர் அந்தக் குரங்குகளின் மூளையணுக்கள் எழுப்பும் மின்குறிகளைக் கேட்டனர். தாலமஸுக்குக் கீழே உள்ள சிறு அணுத்திரள் ஒன்று அளவுக்கு மீறி ஆரவாரம் செய்தது. அதனை அழித்ததும் விலங்குகள் மீண்டும் இயல்பாக அசைந்தன. 1990ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. கிரெனோபில் மருத்துவர்கள் இதனைக் கற்று, 1993ஆம் ஆண்டில் அந்த அணுத்திரளை அழிக்காமல் அதில் மின்முனையை வைத்தனர். நடுக்கம் மட்டுமன்று, விறைப்பும் இயங்காமையும் குறைந்தன. பெனாபித்துக்கும் டிலாங்குக்கும் 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லஸ்கர் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் நோயாளியின் அருகிலிருந்தும், மற்றவர் ஆய்வுக் கூடத்திலிருந்தும் ஒரே இடத்தை வந்தடைந்தவர்கள்.

சிகிச்சை நடைபெறும் விதத்தைச் சுருங்கக் கூறுவோம். படங்களின் துணையால் இடத்தைக் கணித்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவே பருமனுள்ள கம்பி செலுத்தப்படுகிறது. மூளைக்கு வலியுணர்வு இல்லை. ஆதலால் பல இடங்களில் நோயாளி விழித்திருந்து மருத்துவருடன் பேசிக்கொண்டே இருக்கிறார். மார்பில், காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சிறு மின்பெட்டி வைக்கப்பட்டு, கழுத்து வழியாகச் செல்லும் கம்பியால் இணைக்கப்படுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள். ஒவ்வொன்றும் நொடியின் பத்து இலட்சத்தில் 60 பங்கு நேரமே நிலைக்கும். பிறகு வாரக்கணக்காக, மருத்துவர் வெளியிலிருந்தே அளவைக் கூட்டியும் குறைத்தும் அவரவர்க்கு ஏற்பச் சீர் செய்கிறார்.

பயனை ஐயமறக் காட்டும் சோதனைகளும் நடந்தன. 2006ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் 156 நோயாளிகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர்க்கு மின்துடிப்பும் மருந்தும். மற்றவர்க்கு மருந்து மட்டும். ஆறு திங்கள் கழித்து மின்துடிப்புப் பெற்றோரின் வாழ்க்கை நலமே மேம்பட்டிருந்தது. தசைகள் உடலை முறுக்கி வளைக்கும் வேறொரு நோயால் வருந்திய குழந்தைகள் இம்முறையால் பெரும் நன்மை அடைந்ததை 2000ஆம் ஆண்டில் பிரான்சின் மொந்பெலியே மருத்துவர்கள் அறிவித்தனர். உலகில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதுவரை இக்கருவியைப் பெற்றுள்ளனர்.

எனினும் இத்துடிப்பு எவ்வாறு வேலை செய்கிறது? முதலில், அது அணுக்களை வாயடைக்கச் செய்கிறது என்றே பலரும் கருதினர். அழித்ததற்கும் துடிப்புக்கும் பயன் ஒன்றாக இருந்ததே காரணம். ஆனால் 2003ஆம் ஆண்டில் குரங்குகளிடம் எடுத்த பதிவுகளில், துடிப்பைப் பெறும் இடத்திலிருந்து செல்லும் செய்தி குறையவில்லை, மிகுந்தது என்று தெரியவந்தது. இந்நோயாளிகளின் மூளையில் நொடிக்கு 13 முதல் 30 வரையிலான ஒரு தாளம் அளவு கடந்து ஓங்கி நிற்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பஜனைக் கூடத்தில் ஜால்ரா மட்டும் ஓங்கி ஒலித்தால் பாடுவோர் குரல் எழாது அமுங்குவதை நாம் அறிவோம். அந்த ஓங்கிய தாளத்தை மின்துடிப்பு கலைத்து, இயக்கத்துக்கு வழிவிடுகிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. அத்தாளம் எழும்போதும் அடங்கும்போதும் தானே அறிந்து அளவை மாற்றிக்கொள்ளும் கருவிக்கு 2025ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் விளக்கம் இன்னும் முற்றுப் பெறவில்லை. சிகிச்சை முன்னே செல்ல, விளக்கம் பின்னே தொடர்ந்து வருகிறது.

இம்முறையை வரம் என்று கொண்டாடும் முன் அதன் எல்லையையும் அறிதல் நன்று. இது நோயை வேரறுப்பதில்லை. அணுக்களின் அழிவைத் தடுப்பதும் இல்லை. நினைவு மங்குதலுக்கும், உடல் நிலை தவறி விழுதலுக்கும் இது பெரும்பாலும் மருந்தாவதில்லை. மூளையில் இரத்தக் கசிவு, கருவி உள்ள இடத்தில் சீழ் பிடித்தல், பேச்சுக் குழறல், மனநிலை மாற்றம் ஆகிய இடர்கள் சிலர்க்கு நேர்கின்றன. டோபா மருந்துக்கு நன்கு இணங்கும் உடலே இதற்கும் நன்கு இணங்கும். ஆகவே யாருக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுப்பதே இச்சிகிச்சையின் பாதி வெற்றி. செலவோ பல இலட்சம் ரூபாய். தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், பெங்களூரின் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் முதலிய பொது நிறுவனங்களிலும் இது நடைபெறுகிறது. ஆயினும் நாட்டில் இந்நோயால் வருந்துவோரின் தொகையை நோக்க, இதனை அடைவோர் மிகச் சிலரே. கருவி கண்ட அறிவு பெரிது. அது எளியோர் வாசலை எட்டும் வழியைக் காணும் கடமை இன்னும் எஞ்சி நிற்கிறது.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தை நாம் முதன்மையாகக் கருதுகிறோம். கூப்பர் காலத்து மருத்துவர் அழித்தார். அழித்தது தவறாயின் அவரால் திருப்பித் தர இயலவில்லை. கிரெனோபிலுக்குப் பின் வந்த மருத்துவரோ அளவைக் குறைக்கலாம், கூட்டலாம், வேண்டாமெனில் நிறுத்தியும் விடலாம். பிறருடைய உடலில் கை வைக்கும் எவர்க்கும் இதனினும் பெரிய அடக்கம் வேறில்லை. அந்த அடக்கத்தைக் கற்பித்தது, சிகிச்சை மேசையில் விழித்திருந்த நோயாளியின் கையை இமை கொட்டாது நோக்கிய கவனமே. இலண்டன் தெருவில் பார்க்கின்சன் நோக்கியதும் அதே கவனத்தோடுதான்.

அத்தகைய கவனம் மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, தாயோ தந்தையோ வாசலிலிருந்து நடந்து வருகையில் இரு கைகளும் ஒத்து வீசுகின்றனவா என்று ஒரு கணம் நின்று நோக்குவோம். வீசவில்லையாயின் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பி விடாமல், ஊரைவிட்டுப் புறப்படும் முன் நரம்பியல் மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் செல்வோம்.